சூடுசொல்லி

ஈரமா, காய்ந்துவிட்டதா, தெரியவில்லை. அறிவியல் போட்டி மேடைக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால், செருப்பைச் சுவரோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்கிறேன். எங்களுக்கு முந்தின அணியின் சொட்டுநீர்ப் பாசன மாடல் மேடை நடுவிலேயே குழாயைப் பிய்த்துக்கொண்டு அடித்து, தண்ணீர் இந்தப் பக்கம் வரைக்கும் ஓடி வந்தது. அந்தப் பையன்கள் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கப் பார்த்தார்கள், பாவம். பிறகு பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருத்தி மாப்பைக் கொண்டுவந்து துடைக்க ஆரம்பித்தாள், இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என் காலடியில் மொசைக் மினுங்குகிறது. மினுங்குவதை வைத்து ஈரம் என்று சொல்லிவிட முடியாது, மொசைக் காய்ந்தாலும் மினுங்கும். மற்றவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கால் சொல்லிவிடும். எனக்குச் சொல்லாது. கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதமும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்ட சொந்தக்காரர்கள். விசேஷங்களுக்குக் கூடவே வரும், பந்தியில் பக்கத்தில் உட்காரும், வாய் மட்டும் திறக்காது. சர்க்கரை செய்த வேலை. குனிந்து விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஈரம்தான். அப்பாடா என்று இருக்கிறது, எதற்கு அப்பாடா என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஏதோ ஒரு சின்ன விஷயம் உறுதியாகிவிட்ட நிம்மதி. "மாமா, குனியாதீங்க, பட்டை நழுவிரும்" என்கிறாள் தாரணி. பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, சீருடையின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு சண்டைக்குப் போகிறவள் மாதிரி நிற்கிறாள். "நழுவல தாயி." "நீங்க சொன்னா ஆச்சா? ஒங்களுக்குத்தான் தெரியாதே." "பாதத்துலதான் தெரியாது, பட்டை இருக்கிற எடத்துல நல்லாத் தெரியும்." நம்பவில்லை, மண்டியிட்டு, என் இடது காலில் பட்டையை ஒருதரம் அவிழ்த்து மறுபடி இறுக்குகிறாள், குதிகாலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியை நகத்தால் நீவி விடுகிறாள், நான் காலைத் தூக்கியபடி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். லாடம் அடிக்கக் கொண்டுவந்த மாடு இப்படித்தான் நிற்கும். மாட்டுக்கும் இந்த நேரத்தில் நன்றியாக இருக்குமோ என்னவோ. எனக்கு இருக்கிறது.

சூடுசொல்லி என்று பேர் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷில் ஒரு பேர் இருந்தால் நடுவர்களுக்கு எடுப்பாக இருக்குமே என்று ஜெபக்கனி டீச்சருக்கு ஆசை. ரிஸ்வானா ஒத்துக்கொள்ளவில்லை, "கோள்சொல்லி மாதிரி இருக்கு டீச்சர், யாரும் மறக்க மாட்டாங்க" என்று சாதித்துவிட்டாள். ரிஸ்வானா தாரணியின் கூட்டாளி, இந்த அணியின் பேச்சாளர், தாரணி கைவேலை, நான் கால். குதிகாலுக்கு அடியில் ஒரு சென்சார், அதிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு வயர், கணுக்காலுக்கு மேலே பட்டை, பட்டைக்குள் பழைய செல்போனிலிருந்து கழற்றின குட்டி மோட்டார். தரை சுட்டால் பட்டை அதிரும். அதிர்ந்தால் நான் காலை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குத்தான் முழு ஆண்டுப் பரீட்சை லீவு போய், ஆடி போய், காலாண்டும் போயிற்று. முதலில் என்னை மேடையேற்றும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஒரு சேனைக்கிழங்கை வாங்கி அதன் அடியில் சென்சாரை ஒட்டி, "இதைக் கால் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பிப்பதாக இருந்தார்கள். கிழங்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது, என் மனைவி வடிவு அதைப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் ஒங்க கால்தான்" என்றாள். கிழங்குக்குப் பதில் நான் வருகிறேன் என்று சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. இன்னொரு புண் வந்தால் பெருவிரலை எடுப்பதோடு நிற்காது என்று டாக்டர் சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அது பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்துதான் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் ரிஸ்வானா கருங்கல் பலகையில் முதலில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், பிறகு தெர்மாமீட்டர், பிறகு நான். அடுப்பு மேடைக்கு வாங்கி மீந்த பலகை அது, ஒரு கால் வைக்கத்தான் இடம். மாடியில் வெயிலே அதைச் சூடு பண்ணிவிடும். இங்கே கலையரங்கத்தில் வெயிலுக்கு எங்கே போக? அதனால் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்து மேடைப் பிளக்கில் சொருகியிருக்கிறார்கள். அந்தப் பையன்களின் தண்ணீர் ஓடாமல் இருந்திருந்தால் இந்நேரம் எங்கள் முறையே முடிந்திருக்கும். பெட்டி இன்னும் கல்லின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. "கோயில் சூடு வந்துருச்சுடீ" என்று ரிஸ்வானா சொல்லி ரொம்ப நேரமாகிறது. ஆரம்பத்தில் சென்சார் இரண்டு இருந்தது, காலுக்கு ஒன்று; பற்றவைக்கும்போது ரிஸ்வானா ஒன்றைப் பொசுக்கிவிட்டாள், பொசுக்கிவிட்டு எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அப்படி ஒரு அழுகை. "அழாதடீ லூசு, ரெண்டு காலும் ஒரே தரையிலதான நிக்கப் போகுது? ஒரு கால் சொன்னாப் போதும்" என்றாள் தாரணி. எவ்வளவு சரியான பேச்சு. டீச்சரும் அதையே சொன்னார், நானும் தலையை ஆட்டினேன். கட்டினது இடது காலில், ஏனென்றால் கோயிலில் அதிகம் வெந்தது அதுதான்.

கோயிலை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் அதுதான் வந்து நிற்கும். சித்திரைத் திருவிழா, உச்சிவெயில், வெளிப் பிரகாரத்தில் பாவின கல் எல்லாம் தோசைக்கல். சனம் நிழலுக்கு நிழல் தாவி ஓடுகிறது. குதிகாலால் நடக்கிறவர்கள், பக்கவாட்டில் நடக்கிறவர்கள், புருஷனின் துண்டை வாங்கித் தரையில் போட்டு அதில் நின்றுகொள்கிற பெண்கள், "ஆத்தா, கால் பொரியுதே" என்று அம்மனையே திட்டுகிற கிழவர்கள். ஓமானிலிருந்து வந்து எனக்கு அது முதல் திருவிழா. அங்கே மீன் கிட்டங்கியில் குளிரறை மேற்பார்வை, எந்நேரமும் கனத்த பூட்ஸ், வெறுங்காலால் நான் தரையைத் தொட்டது குளிக்கிற இடத்தில் மட்டும். மூன்று சுற்று வருவதாக வேண்டுதல். நான் ஓடவில்லை. தாவவில்லை. கை கூப்பிக்கொண்டு நிதானமாக, கல்யாண மாப்பிள்ளை நடை நடந்தேன். எனக்குப் பின்னால் யாரோ, "அந்த அண்ணாச்சியப் பாருங்கடா, பூவுல நடக்கிற மாதிரி நடக்காரு, பக்தின்னா அதுல்ல பக்தி" என்றார்கள். காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்லாவிட்டால் அது பொய். எல்லாருக்கும் சுடுகிறது, எனக்குச் சுடவில்லையே, இத்தனை வருஷம் கழித்து வந்தவனை அம்மன் கை நீட்டி வாங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றின் பாதியில் தெற்குக் கோபுரத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டே நடக்கிறேன், அப்போது பின்னால் ஒரு சின்னக் குரல், "மாமா. மாமா, நில்லுங்க." திரும்பினால் தாரணி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலை அதன் மேல் வைத்துக்கொண்டு. "ஒங்க காலடி ஈரமாப் பதியுது மாமா." தண்ணீரில் மிதித்திருப்பேன் என்றேன். "தண்ணி ஒடனே காஞ்சிருது. இது காயல." கல்லைப் பார்த்தேன். வந்த வழியெல்லாம் என் பாதம், ஒன்றன் பின் ஒன்றாக, பளபளவென்று. கொப்புளம் உடைந்து, அந்த நீர். அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள், அவள் கால் சுட்டுக்கொண்டேதான் போயிருக்கும், ஆடி ஆடி நடந்தாள். அத்தனை ஜனத்தில் என் முகத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். தரையைப் பார்த்தவள் அவள் ஒருத்தி. அவள் பார்க்காமல் போயிருந்தால், மிச்ச ஒன்றரைச் சுற்றையும் முடித்திருந்தால், என்று இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், வண்டி மாதிரி, அதற்கு மேல் தள்ளினாலும் போகாது. போக வேண்டாம். இரண்டு காலில் நிற்கிறேன், அது போதும்.

படுக்கையில் கிடந்த மாதங்களில் தாரணி தினமும் வருவாள், வந்து கேள்வியாகக் கேட்பாள். நெஜமாவே தெரியலையா மாமா? எறும்பு கடிச்சா? முள்ளு? பனிக்கட்டி வச்சா? எப்படி இருக்கும்? மஸ்கட்டில் டாக்டரும் இதையேதான் கேட்டார், ஆனால் இங்கிலீஷில் கேட்டார், அதில் மூன்று நான்கு வார்த்தைகளைத் தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி நீட்டினார், நான் ஒன்றை எடுத்துக்கொண்டு நம்ப் என்றேன், அவர் எழுதிக்கொண்டார், இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது, அந்த வார்த்தைக்குள் சூடு தெரியாததும் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. எட்டாவது வரைக்கும் எனக்குத் தமிழில் பாடம், அதற்கு மேல் இங்கிலீஷில். சம்பளம், மருந்து, மெஷின் எல்லாம் பின்னால் வந்த மொழியில் வரும், உடம்பு மட்டும் முன்னதில் தங்கிவிட்டது. எரிச்சல், குத்தல், கடுப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுரீர், குடைச்சல், எவ்வளவு வைத்திருக்கிறோம் வலிக்கு. வலி இல்லாததற்கு மரத்துப்போச்சு என்கிற ஒன்றுதான், அது அவளுக்குப் போதவில்லை. அவள் விடவில்லை, எப்படி இருக்கும் மாமா, எப்படி இருக்கும், கடைசியில் ஒருநாள் வாயில் வந்தது: "தூரத்துல வேற யாரோ நடக்கிற மாதிரி இருக்கும் தாயி." மறுநாள் ரிஸ்வானாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வாக்கியம்தான் இப்போது மேடையில் நிற்கும் சார்ட்டில் முதல் வரி, பச்சை ஸ்கெட்ச் பேனாவில், அதற்குக் கீழே கோபுரம் படம், கோபுரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஓமானில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாங்க்ஸ் சொல்லியிருப்பேன், கதவைத் திறந்தவனுக்கு, கதவைச் சாத்தினவனுக்கு. இங்கே வந்து இந்தப் பிள்ளையிடம் ஒரு தடவை சொல்ல வாய் வரவில்லை. நம் வீடுகளில் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம். சாப்பிட்டுவிட்டுப் போ என்போம், எண்ணெய் வைக்காமல் தலையைப் பார் என்று திட்டுவோம். வடிவு முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள், அதுவும் கடலைமாவு கூடிப்போச்சு என்று இருவரும் குறை சொல்லியபடியே டப்பாவைக் காலி பண்ணினார்கள். சேனைக்கிழங்குக்குப் பதில் நான் வருகிறேன் என்று சொன்னதுதான் நான் சொன்ன நன்றி. வடிவுக்கு அது பின்னால் புரிந்திருக்க வேண்டும். இன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தேங்காய் எண்ணெயை எடுத்து என் இரண்டு பாதத்திலும் தடவிவிட்டாள், தடவினது எனக்குத் தெரியவில்லை, அவள் தலை குனிந்திருந்தது தெரிந்தது. பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. காலுக்காகப் பயம், காலை விட அதிகமாக அந்த மோட்டாருக்காகப் பயம். சுண்டைக்காய் அளவு மோட்டார். மாடியில் ஒருநாள்கூடத் தவறினதில்லை. மாடி வேறு, மேடை வேறு. அந்தச் சொட்டுநீர்ப் பையன்களும் வீட்டில் எத்தனை தரம் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்.

"அருப்புக்கோட்டை பெண்கள் பள்ளி. சூடு... சூடு சொல்லி?" மைக்கில் கூப்பிடுகிறவர் ஒருதரம் தடுமாறுகிறார், கூட்டத்தில் லேசாகச் சிரிப்பு. ஜெபக்கனி டீச்சர் அந்தப் பக்கத் திரையிலிருந்து கையை வீசுகிறார், "வாங்க அண்ணாச்சி, வாங்க வாங்க, ஏற்கெனவே லேட்டுங்கிறாங்க." மேடைக்குப் போகும்போது எல்லா விளக்கும் என் வேட்டியின் மேல். வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியிருக்கிறேன், பட்டை தெரிய வேண்டும் என்று. விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் காலைப் பார்க்கிறார்கள், மொழுமொழுவென்று, எண்ணெய் பூசின, தழும்பேறின கால். எதிரே மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள், நடுவில் கட்டம் போட்ட சேலை கட்டின பேராசிரியை, அவர் முகத்தில் ஒரு கூர்மை, ஆனால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன களைப்பும். ரிஸ்வானா மைக்கை வாங்குகிறாள். வீட்டில் கூச்சலாக இருக்கும் குரல் இங்கே அழகாக விரிகிறது. வணக்கம் சொல்கிறாள், முதல் வரியைப் படிக்கிறாள், தூரத்தில் வேறு யாரோ நடப்பது போல் இருக்கும் என்று எங்கள் மாமா சொன்னார், என்கிறாள். என் வாக்கியம் ஒலிபெருக்கியில் பெரிதாகி அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது, அது நான் சொன்னதுதானா என்று இருக்கிறது. "நாம கோயிலுக்குப் போனாலும் தர்காவுக்குப் போனாலும் செருப்பை வாசல்லயே விட்டுட்டுத்தான் போறோம். யாரும் கட்டாயப்படுத்தல, நமக்கே மனசு வராது. சர்க்கரை இருக்கிறவங்க செருப்போட வாங்கன்னு சொன்னா கேப்பாங்களா? கேக்க மாட்டாங்க. அதனால செருப்பு இல்லாமலே காலைக் காப்பாத்தணும். அதுக்குத்தான் சூடுசொல்லி." சிரிப்பு போய்விட்டது. நடுவில் இருக்கும் பேராசிரியை பேனாவை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டார் தாயி, எடுத்துவிட்டார் என்று எனக்குள் ஒருவன் குதிக்கிறான். தாரணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைக்கிறாள். தெர்மாமீட்டரைத் தேடுகிறாள், அது அந்தப் பக்கம் பையில் கிடக்கிறது, மைக்காரர் நேரமாகிறது என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார், அவள் தேடுவதை விட்டுவிட்டு எனக்குத் தலையசைக்கிறாள். குனியக் கூடாது, நடுவரைப் பார்த்து நிமிர்ந்து நிற்கணும், கோயிலில் தரையைப் பார்த்து யாரும் நடக்க மாட்டார்கள் என்பது எனக்குச் சொல்லப்பட்ட பாடம். நிமிர்ந்து நிற்கிறேன். "இப்ப எங்க மாமா கோயில் வெளிப் பிரகாரத்துல காலை எடுத்து வைக்கப் போறாங்க" என்கிறாள் ரிஸ்வானா. மாடியில் இப்படிச் சொன்னதில்லை, மாடியில் "கல்லுல ஏறுங்க மாமா"தான். கோயில் என்று அவள் சொன்னதும் கை தானாகச் சேர்ந்துகொள்கிறது. காலை எடுத்து வைக்கிறேன்.

அதிரவில்லை. அதிரும், கொஞ்சம் பொறு, சூடு ஏற வேண்டும், பிளாஸ்திரி வழியாக ஏற வேண்டும், மாடியில் மூச்சு விடுகிற நேரத்தில் அதிர்ந்துவிடும், இது மூச்சை விட நீளமாக இருக்கிறது, இல்லை, மேடையில் எல்லாம் நீளமாகத்தான் இருக்கும். பேராசிரியை என் இடது காலில் இருக்கும் பட்டையைப் பார்க்கிறார். எல்லாரும் பட்டையைப் பார்க்கிறார்கள். பட்டை சும்மா இருக்கிறது, ஊமைக் கோட்டான் மாதிரி. கல் சூடாகவில்லையோ? இஸ்திரிப் பெட்டி தானாக அணைந்துபோயிருக்கும், இப்போது வரும் பெட்டியெல்லாம் அப்படித்தான், அப்படியானால் கல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், நான் ஜில்லென்று நின்றுகொண்டிருக்கிறேன், பிள்ளைகள் அத்தனை மாதம் உழைத்தது ஒரு பெட்டியால் போய்விடுமே, நன்றாக மிதித்தால் ஒருவேளை சென்சார் கல்லில் படுமோ என்று உடம்புப் பாரத்தை எல்லாம் அந்தக் காலில் இறக்குகிறேன், அழுத்துகிறேன், அதிரு, அதிரு தாயே, என் காலுக்காகக் கேட்கவில்லை, அதோ மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் உதடு உலர்ந்துவிட்டது, அவளுக்காக. வாசனை ஒன்று வருகிறது. தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனை. யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்று நினைக்கிறேன், இங்கே ஏது வீடு என்றும் நினைக்கிறேன், இரண்டு நினைப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை. சுகமாகக்கூட இருக்கிறது. யாரோ நிற்கிறார், தூரத்தில், அவருக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

"காலை எடுங்க!" தாரணியின் தலை வந்து என் விலாவில் இடிக்கிறது. இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டி, மூட்டையைத் தள்ளுகிற மாதிரித் தள்ளி, நான் பின்னால் சரிந்து, நல்லவேளை ஜெபக்கனி டீச்சர் எனக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்திவிட்டார், அதில் தொப்பென்று விழுகிறேன். அப்போதுதான் பார்க்கிறேன். இடது கால், சென்சாரும் வயருமாகச் சீவிச் சிங்காரித்த கால், ஈர மொசைக்கில் பத்திரமாக ஊன்றியிருந்திருக்கிறது. கல்லில் வைத்தது வலது கால். அதில் ஒன்றுமே கட்டவில்லை. "தண்ணி! ரிஸ்வானா, தண்ணி கொண்டாடீ!" ரிஸ்வானா மைக்கை அப்படியே தரையில் போடுகிறாள், அது கீச்சென்று அலறுகிறது, தண்ணீர் பாட்டிலைப் பல்லால் கடித்துத் திறக்கிறாள். தாரணி என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்காலை அகலமாக விரித்து, அதில் மெதுவாக ஊற்றச் சொல்கிறாள், "மெதுவாடீ, அடிச்சு ஊத்தாத", அவள் சுடிதார் எல்லாம் நனைகிறது, அவள் முகம் என் காலுக்கு அவ்வளவு பக்கத்தில். என்ன பார்க்கிறாள்? நான் அவள் முகத்தைத்தான் படிக்க முடியும், காலைப் படிக்க முடியாது. புருவம் நெரிகிறது. நெரிகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. "செவந்துதான் இருக்கு மாமா. கொப்புளிக்கல. தோல் போகல." எனக்கு அதுவரை மூச்சு இருந்ததா என்றே தெரியவில்லை. இப்போது இருக்கிறது. "கருவி வேலை செய்யலையாம்மா?" என்கிறார் பேராசிரியை, எழுந்து மேடை விளிம்பு வரை வந்துவிட்டார். தாரணி நிமிரவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறாள். "கருவி நல்லாருக்கு மேடம். நாங்கதான் தப்பு. ஒரு கால்ல கட்டுனாப் போதும்னு நெனச்சோம், அதையும் எடது கால்ல கட்டிட்டோம். கோயிலுக்குள்ள யாரு மேடம் எடது காலை மொதல்ல வைப்பா?" ரிஸ்வானா பாட்டிலைச் சாய்த்தபடியே, "பள்ளிவாசல்லயும் வலது காலுதான் மேடம்" என்கிறாள், அழுகிற குரலில். அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. கேலிச் சிரிப்பு இல்லை, தங்கள் காலையே குனிந்து பார்த்துக்கொள்கிறவர்களின் சிரிப்பு. முன் வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்தபடியே வாசல்படி தாண்டுவது மாதிரிக் காலை நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஆமாடா" என்கிறான்.

நேரம் முடிந்ததற்கு மணி அடிக்கிறார்கள். சார்ட்டில் இன்னும் பாதி பேசவே இல்லை, எவ்வளவு செலவாகும், பாட்டரி எத்தனை நாள் வரும், எதிர்காலத் திட்டம், எல்லாம் மனப்பாடம் செய்து வைத்தது. ஜெபக்கனி டீச்சர் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சார் என்று மைக்காரரிடம் கெஞ்சுகிறார், அவர் விதிமுறை என்கிறார். பரிசு போய்விட்டது, எனக்குத் தெரிகிறது, டீச்சருக்குத் தெரிகிறது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் இந்தப் பிள்ளைகளிடம், இப்போதாவது. தொண்டை வரைக்கும் வருகிறது, வந்து, "ஈரத் துணியோட நிக்காதீங்க, சளி பிடிக்கும்" என்று வெளியே விழுகிறது. தாரணி அதைக் காதில் வாங்கின மாதிரியே இல்லை. அடுத்த அணி இரண்டு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டது, "கொஞ்சம் வழி விடுங்க அக்கா" என்கிறார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. என் வலது காலை மடியில் போட்டபடியே, "ரெண்டு காலும் ஒரே மாதிரி மரத்திருக்காது இல்லடீ? பட்டை அதிர்றது எங்க தெரியும்னு அளந்துதான் கட்டணும்" என்று ரிஸ்வானாவிடம் சொல்கிறாள், சொல்லிவிட்டு அவளிடமிருந்து பச்சை ஸ்கெட்ச் பேனாவைப் பிடுங்கி, கணுக்கால் முட்டிக்குக் கொஞ்சம் மேலே முனையை வைத்து அழுத்துகிறாள். "இங்க தெரியுதா மாமா?" இல்லை. ஒரு புள்ளி. இன்னும் மேலே. "இங்க?" பேனா தொடுவதைக் கண் பார்க்கிறது, கால் பார்க்கவில்லை. இல்லை தாயி. இன்னொரு புள்ளி. பச்சைப் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வருகின்றன, ரிஸ்வானா மூக்கை உறிஞ்சியபடி குனிந்து பார்க்கிறாள், பெஞ்சைத் தூக்கி வந்தவர்களும் வழி கேட்க மறந்து நின்று பார்க்கிறார்கள். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க, பாத்துட்டே சொன்னா நம்ப முடியாது." மூடிக்கொள்கிறேன். இருட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஓர் இடத்தில் ஈரமாக, கூராக, ஜில்லென்று, வேறு யாருடைய காலும் இல்லை, என்னுடைய கால். "தெரியுது" என்கிறேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தால், மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த நடுவர்கள் மூன்று பேரும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.